ஒரு நாளைக்கு ஒரு காற்று

பெரும்பாறையிலிருந்து இறங்கும் ரோட்டில் மூன்றாவது வளைவைத் தாண்டியபோதும் மழை விடவில்லை. உரச்சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் திணித்துத் தலையில் கவிழ்த்திருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு போர்வை. காலையில் சட்டைப் பையில் இருந்த போன் இப்போது இல்லை. பஸ் உண்டா என்று கேட்க ரோட்டில் ஆளும் இல்லை. நடந்துகொண்டிருந்தேன்.

வளைவில் நின்று திரும்பிப் பார்த்தால் மேலே எஸ்டேட்டின் காப்பிக் களமும், அதன் ஓரத்தில் இரும்புக் கம்பத்தின் மேல் நின்ற தகரச் சேவலும் தெரிந்தன. சேவல் வடகிழக்கைப் பார்த்து நின்றது. மழையும் வடகிழக்கிலிருந்துதான் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டும் சரியாகப் பொருந்தின. அப்படிப் பொருந்தும்படி செய்ததற்காகத்தான் அன்று மதியம் என்னை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள்.

காற்று பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று போன வாரம் ஆபீஸில் கேட்டார்கள். உங்களுக்கு நான் என்ன சொல்லிக்கொடுக்க முடியும்? இப்போது கம்பத்தில் பெட்டி இருக்கிறது. அது தானே காற்றைப் பார்த்து, தானே எழுதி, தானே அனுப்பிவிடுகிறது. சிலந்திக் கூட்டைத் துடைத்தால் போதும் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அதைப் பாதி நம்புங்கள். மீதிப் பாதிக்காக இந்தச் சேவல் கதையைச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அதற்குப் பிறகு போர்வெல் வண்டியில் ஐந்து மாநிலம் சுற்றினேன், திருப்பூரில் துணிக்குச் சாயம் போட்டேன், பழனியில் மொட்டை போட வருகிறவர்களுக்கு வாளியில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். எந்த வேலையிலும் இரண்டு வருஷத்துக்கு மேல் நின்றதில்லை. பெரும்பாறையில் காப்பியும் மிளகும் ஆரஞ்சும் போட்ட அந்த எஸ்டேட்டில் என்னைச் சேர்த்துக்கொண்டதற்கு ஒரே காரணம், "காலையில ஏழு மணிக்கு முழிச்சிருப்பியா?" என்று மேனேஜர் கேட்டபோது நான் "ஆமா" என்றதுதான்.

வேலை இதுதான். முதலாளி மதுரையில் இருக்கிறார். தினமும் காலை ஏழு மணிக்குப் போன் செய்வார். "காத்து எந்தப் பக்கம்?" என்று கேட்பார். நான் சேவலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சேவலின் அலகு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து காற்று வருகிறது என்று அர்த்தம். தென்மேற்கு என்றால் அவர் "பரப்பு" என்பார். பெண்கள் களத்தில் காப்பிக் கொட்டையைப் பரப்பிக் காயவைப்பார்கள். வடகிழக்கு என்றால் "மூடு". கொட்டையைக் குவித்துப் படுதா போட்டு மூடிவைக்க வேண்டும். அதற்கென்று ஒரு பட்டன் போன் கொடுத்திருந்தார்கள். அது வேலை செய்யும் இடம் எஸ்டேட்டில் ஒன்றே ஒன்றுதான்: களத்தை ஒட்டி இருந்த தொழிலாளர் லயத்தின் வீட்டு வரிசையில், கடைசி வீட்டு வாசல்படி.

முதலாளியின் கணக்கில் தப்பில்லை. நாம் இருப்பது பூமியின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில். இங்கே பெருங்காற்று வருஷத்துக்கு இரண்டு தடவை திரும்பும். ஆனி, ஆடியில் தென்மேற்கு. அது மேற்கே இருக்கிற மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு எங்கள் சரிவுக்கு வெறுங்கையோடு வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு. அது கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு நேராக எங்கள் களத்துக்கு வரும். காப்பி பழுக்கிறதும் அந்தச் சமயத்தில்தான். இதெல்லாம் முதலாளியின் அப்பா யோசித்துச் செய்த ஏற்பாடு. சேவலையும் அவர்தான் நட்டார்.

கடைசி வீட்டில் இருந்தவள் செல்லம்மா. களத்து வேலைக்கு அவள்தான் பொறுப்பு. அவளுடைய அப்பா இலங்கையில் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். புருஷன் இல்லை. இரண்டு மகள்கள், பெரியவள் பிளஸ் டூ. நான் வருவதற்கு முன்பே அந்த வருஷம் களம் ஒரு தடவை நனைந்திருந்தது. மூன்றாவது தடவை நனைந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று மேனேஜர் அவளிடம் சொல்லியிருந்தார். பரப்பச் சொல்கிறவர் மதுரையில், காற்றைச் சொல்கிறவன் நான், நனைந்தால் வீடு போவது அவளுக்கு.

"பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"எங்கப்பாவ ஒரு நாட்டையே காலி பண்ணச் சொன்னாக அண்ணே. எனக்கு ஒரு காம்பராதானே" என்றாள். அவர்கள் வீட்டில் அறையைக் காம்பரா என்பார்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு வாசல் கதவைக் கையால் ஒரு தடவை தள்ளிப் பார்த்தாள், அது இன்னும் இருக்கிறதா என்பதுபோல.

வேலைக்குச் சேர்ந்து நாலாவது நாள் பழைய பதிவேட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு தேதிக்கும் காற்றுக்கு ஒரு கட்டம், குறிப்புக்கு ஒரு கட்டம். காற்றுக் கட்டத்தில் தென்மேற்கு, தென்மேற்கு, தென்மேற்கு. ஐப்பசியிலும் தென்மேற்கு, தையிலும் தென்மேற்கு. மழை பெய்த நாட்களில் குறிப்புக் கட்டத்தில் 'எதிர்பாராத மழை' என்று இருந்தது. ஒரு கார்த்திகை மாதத்தில் பத்தொன்பது நாள் எதிர்பாராத மழை.

ஏணி போட்டுக் கம்பத்தில் ஏறினேன். சேவலின் காலைத் துருப்பிடித்த கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"அது கட்டி எத்தனையோ வருசமாச்சே" என்றாள் செல்லம்மா கீழேயிருந்து. "முன்னாடி மேனேஜரா இருந்த தொரைக்கு அது கீச்சுக் கீச்சுன்னு சுத்துற சத்தத்துல தூக்கம் வரல. கட்டிப்புட்டாரு."

"இத்தனை வருசமா யாருமே சொல்லலையா?"

"காத்து எழுதுறவுகளுக்குத் தெரியும்னு நாங்க இருந்தோம். எங்களுக்குத் தெரியும்னு அவுக இருந்திருப்பாக."

கம்பியை அவிழ்த்தேன். சேவல் கீச்சென்று ஒரு சுற்றுச் சுற்றி வேறு பக்கம் பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எத்தனையோ வருஷப் பொய்யை ஒரு குறடால் முடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, அவிழ்த்துவிட்ட சேவல் தானாகவே தென்மேற்கைப் பார்த்து நின்றது. கட்டியிருந்தபோது எங்கே பார்த்ததோ அதே இடம், விரல்கடை பிசகில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே. அவிழ்த்துவிட்ட சேவலே சொல்கிறது என்றால் அது நிஜம்தானே? "தென்மேற்கு ஐயா" என்றேன். "பரப்பு" என்றார் முதலாளி. பரப்பினார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு வடகிழக்கிலிருந்து வந்த மழை களத்தை அடித்துக்கொண்டு போனது. பெண்கள் முறத்தாலும் கையாலும் அள்ளினார்கள். ஓடையில் கொட்டை மிதந்து போனது.

அது இரண்டாவது தடவை. பழி செல்லம்மாவுக்கு. மேனேஜர் விரலைக் காட்டி, "ரெண்டு" என்றார்.

அந்தத் தப்பு என்னுடையது. அதை எப்படிச் செய்தேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். சேவல் பொய் சொல்லவில்லை. நான்தான் போன் வருகிற நேரத்தில் மட்டும் அதைப் பார்த்தேன். மறுநாள் முதல் அரை மணிக்கு ஒரு தடவை பார்த்தேன். அதிகாலையில் மலை உச்சி குளிர்ந்து கிடக்கும். குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி சரிவில் கீழே இறங்கும். எங்களுக்கு மலை இருப்பது தென்மேற்கில். அதனால் வருஷத்தில் எந்த மாதமானாலும், எந்தப் பெருங்காற்று நடந்தாலும், காலை ஏழு மணிக்கு எங்கள் களத்தில் தென்மேற்குக் காற்றுதான். பத்தரை மணிக்கு மேல் வெயில் ஏறினால்தான் அது நின்று, சேவல் திரும்பும். முதலாளி ஏழு மணிக்குக் கேட்டது காலத்தின் காற்றை. நான் சொன்னது மலை மூச்சுவிட்டதை.

காலத்தின் காற்று மேலே போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்க்க செல்லம்மாவிடம் பழைய சிவப்புச் சேலை ஒன்றைக் கேட்டேன். கிழித்து ஒரு முழத் துண்டை, மேட்டு உச்சியில் இருந்த சில்வர் ஓக் மரத்தின் நுனியில் கட்டினேன். ஏறி இறங்கியதில் தொடை முழுக்கச் சிராய்ப்பு. ஏழு மணிக்குக் கீழே சேவல் தென்மேற்குக் காற்று என்றது. மேலே சேலைத் துண்டு வடகிழக்குக் காற்றில் பறந்தது. இரண்டு காற்றும் ஒத்துப்போனால் பரப்பலாம், சண்டை போட்டால் மூட வேண்டும். செல்லம்மா அதுவரை தன் முழங்கால் வலியை வைத்து மழை சொல்லிவந்தாள். அது பாதி நாள் தப்பும். அவள் இரண்டு நாள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "முழங்காலுக்கு இது தேவல" என்றாள்.

அன்று பதிவேட்டில் 'கீழே தென்மேற்கு, மேலே வடகிழக்கு' என்று எழுதினேன். கட்டத்துக்குள் அடங்கவில்லை. ஓரத்தில் வழிந்தது.

மேனேஜர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். "யோவ், என்னய்யா இது?"

"ரெண்டு காத்து சார்."

"ஒரு நாளைக்கு ஒரு காத்துதான். ஒரு கட்டந்தான் இருக்கு, பாரு."

"கட்டத்தைப் பாத்து காத்து வராது சார்."

"அப்ப எதைப் பாத்து வரும்? இந்த எஸ்டேட்ல வடகெழக்குக் காத்து அடிச்சதா ஒரு வரி காட்டு பாப்போம்." பதிவேட்டை என் மூக்குக்கு நேரே புரட்டினார். காட்ட முடியவில்லை.

அன்று மாலை முதலாளி அந்தப் பக்கம் வேறொரு சோலியாக வந்தவர், களத்துக்கும் வந்தார். நல்ல மனிதர். குரலை உயர்த்த மாட்டார். நான் சேவலைக் காட்டினேன், மரத்து நுனியைக் காட்டினேன். காலை ஏழு மணிக்கு இரண்டும் எப்படி இருக்கும் என்று தரையில் குச்சியால் வரைந்து காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"சேவலோட அலகு தென்மேக்கப் பாக்குது. சேலையோட வாலும் தென்மேக்கப் பாத்துதானே பறக்குது? ரெண்டும் ஒரே பக்கம் காட்டுது. இதுல எங்க சண்டை?"

"ஐயா, சேவல் காத்து வர்ற பக்கத்தப் பாக்கும். சேலை காத்து போற பக்கம் பறக்கும். சேலை தென்மேக்க பறந்தா, காத்து வடகெழக்க இருந்து வருது."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் நிஜமாகவே யோசித்தார், அதைச் சொல்ல வேண்டும். பிறகு, "ஒரே எஸ்டேட்ல ரெண்டும் ரெண்டு விதமாக் காட்டுனா ஆளுக குழம்பிப் போவாங்களே" என்றார். மேனேஜர் அன்றே ஆள் ஏற்றிச் சேலையை அவிழ்த்துவிட்டார்.

உங்கள் பெட்டியிலிருந்து வரும் எண்ணை யாருக்காவது கொடுக்கும்போது, அது வருகிற பக்கமா போகிற பக்கமா என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள். கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். யாரும் கேட்க மாட்டார்கள்.

முதலாளி போகும்போது ஒரு வழி சொன்னார். காற்றை மாற்றித்தான் எழுத வேண்டும் என்றால் எழுத்தில் கேட்கட்டும், பரிசீலிக்கிறேன் என்றார். மறுநாள் மேனேஜர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'பொருள்: காற்று வடகிழக்காகத் திரும்ப அனுமதி கோருதல் தொடர்பாக.' கீழே என் கையெழுத்து. சாட்சிக்குச் செல்லம்மாவின் கையெழுத்து.

"காத்துக்குத் தெரியுமா அண்ணே நாம மனு போட்டிருக்கோம்னு?" என்றாள்.

"சும்மா இரு. மேனேஜர் நிக்கிறாரு."

"இல்ல, அதுக்கும் ஒரு நகல் வேணுமில்ல."

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, ஜீப் டிரைவர் பதிலைக் கொண்டுவந்தார். 'அனுமதிக்கப்படுகிறது. வரும் திங்கட்கிழமை முதல் வடகிழக்கு எனப் பதியவும்.' கூடவே இன்னொரு சேதி. சனிக்கிழமை முதலாளியே வருகிறார், காப்பி வாங்குகிற வியாபாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு. களம் முழுக்கக் கொட்டை காய்ந்துகொண்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை வெள்ளனே ஐந்தரைக்கு எழுந்து வெளியே வந்தேன். வானம் கழுவிவிட்டது மாதிரி நீலம். சேவல் தென்மேற்கு. ஆனால் உயரத்தில் இரண்டு மூன்று மேகத் துணுக்குகள் வடகிழக்கிலிருந்து அவசரமாக எங்கள் தலைக்கு மேல் போயின. முந்தின நாளைவிட வேகம். கீழே கொடைரோடு பக்கத்துச் சமவெளியின் மேல் ஒரு மங்கல். மத்தியானத்துக்குள் மழை வரும் என்று எனக்குத் தெரிந்தது. சேலைத் துண்டு இல்லை. அனுமதி திங்கட்கிழமை. ஏழு மணிக்கு மேனேஜர் என் பக்கத்தில் நின்று சேவலைப் பார்ப்பார்.

செல்லம்மா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். "அண்ணே, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. பரப்பவா, வேணாமா? நான் பெரிய பிள்ளைகிட்ட பொட்டி கட்டணுமா வேணாமான்னு சொல்லணும். அதுக்குத் திங்கக்கெழம பரீச்சை."

ஏணியை எடுத்தேன். அதே பழைய கம்பி கம்பத்தடியில் கிடந்தது. சேவலை வடகிழக்குப் பக்கம் திருப்பி இறுக்கிக் கட்டினேன். இறங்கி வந்து பதிவேட்டில் எழுதினேன்: 'சேவல் என்னால் கட்டப்பட்டது. கீழே தென்மேற்கு. மேலே வடகிழக்கு. மழை வரும்.' கட்டத்தைத் தாண்டி அடுத்த இரண்டு நாளின் கட்டங்களையும் அது பிடித்துக்கொண்டது.

ஏழு மணிக்கு மேனேஜர் அண்ணாந்து பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். போனை என்னிடமிருந்து பிடுங்கி, "மொதலாளி, வடகெழக்கு காட்டுதுங்க" என்றார்.

"திங்கக்கெழமதானே சொன்னேன்?" என்று போனுக்குள்ளிருந்து குரல் கேட்டது.

"அதாங்க எனக்கும் புரியல."

"சரி, நான் வர்ற வரைக்கும் மூடியே இருக்கட்டும்." மேனேஜர் போனை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

பதினொரு மணிக்கு வந்தார்கள். நல்ல வெயில். ஒரு மேகம் கிடையாது. வத்தலக்குண்டுக்கார வியாபாரி களத்தின் நடுவில் நின்று, வரிசையாக மூடிக் கிடந்த படுதாக்களைப் பார்த்தார். "என்னங்க, காப்பியைக் காயப்போடுவீங்கன்னு பாத்தா தூங்கப் போட்டிருக்கீங்க?" என்றார்.

முதலாளிக்கு முகம் சிறுத்துவிட்டது. பேச்சை மாற்ற, "இது எங்கப்பா வச்ச சேவலுங்க. தொட்டாலே சுத்தும், அவ்வளவு நேக்கு" என்று குடையால் கம்பத்தைத் தட்டினார். சேவல் அசையவில்லை. இன்னொரு தட்டு. அசையவில்லை. மேனேஜர் ஏணி வைத்து ஏறினார்.

"மொதலாளி! காத்தைக் கட்டிப் போட்டிருக்கான்!"

"ஐயா, இதே கம்பி முன்னாடியும்..." என்று ஆரம்பித்தேன்.

"எங்கப்பா வச்ச சேவலைக் கட்டுறதுக்கு நீ யாருப்பா?" என்றார் முதலாளி. அப்போதும் குரல் உயரவில்லை. "கணக்கை முடிச்சு அனுப்புங்க. களத்தைப் பரப்பச் சொல்லுங்க."

பதிவேட்டை ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று மேனேஜர் என்னை லயத்து ஓரத்தில் நிறுத்திவைத்தார். அதனால் நடந்ததை எல்லாம் பார்த்தேன்.

செல்லம்மா முதல் வரிசையை மட்டும் வெரசாகப் பரப்பினாள், வியாபாரி பார்ப்பதற்கு. பிறகு இரண்டாவது படுதாவுக்கு வந்தாள். "ஏ, ஓரத்தோட ஓரம் சேத்து மடிங்கடி. மொதலாளி பாக்குறாரு." மடித்தார்கள். கோணலாக இருந்தது. பிரித்தார்கள். மறுபடி மடித்தார்கள். அதன் மேல் சருகு ஒட்டியிருந்தது. பிரித்து உதறினார்கள்.

"ஏய், வெரசா! வெரசா!" என்று மேனேஜர் குதித்தார்.

"கிழிஞ்சா தொரைதான் பதில் சொல்லணும்" என்றாள் செல்லம்மா. "போன வருசம் கிழிஞ்சதுக்கே எங்களத்தான் வஞ்சீக."

வியாபாரிக்குச் சாப்பாடு வந்தது. சாப்பிட்டுக் கை கழுவினார்கள். பெண்கள் மூன்றாவது படுதாவைத் தூக்கி, நாலு மூலையையும் நாலு பேர் பிடித்து, கோயில் குடை மாதிரி களத்தைச் சுற்றிக் கொண்டுபோனார்கள். நான் செல்லம்மாவைப் பார்க்கவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் வடகிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே கீழே சமவெளி மறைந்துவிட்டிருந்தது.

முதல் சொட்டு வியாபாரியின் வழுக்கையில் விழுந்தது. செல்லம்மா "போடு!" என்று ஒரு குரல் கொடுத்தாள். மடிக்க ஒரு மணி நேரம் ஆன படுதாக்கள் விரிய அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பரப்பின முதல் வரிசை மட்டும் நனைந்து ஓடியது.

"மூணு" என்று மேனேஜர் விரலைத் தூக்கினார்.

முதலாளி குடைக்குள் நின்றபடி அந்த விரலைப் பார்த்தார். "அந்த வரிசையைப் பரப்பச் சொன்னது நான்" என்றார். விரல் மெதுவாக இறங்கியது.

பிறகு முதலாளி அண்ணாந்து சேவலைப் பார்த்தார். மழை அதன் அலகுக்கு நேரே வந்து அடித்தது. "பாருங்க" என்றார் வியாபாரியிடம். "காலையிலயே சொல்லிருச்சு. எங்கப்பா வச்சது." மேனேஜரிடம் திரும்பி, "அந்தக் கம்பிய அவுக்க வேணாம். இப்படியே இருக்கட்டும், இதுதான் சரியாக் காட்டுது" என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்து, "நீ இன்னும் போகலையா?" என்றார்.

இதைக் கேட்டுவிட்டு நான் செய்தது சரி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மழை வரும் என்றது சரி. கருவியைக் கட்டியது தப்பு. அது சரியாகவே காட்டினாலும் கட்டின சேவல் கட்டின சேவல்தான். அடுத்த ஆனி மாதம் அது வடகிழக்கு என்றே சொல்லும், அதையும் யாரோ நம்புவார்கள். உங்களுக்கு அப்படி ஒரு காலை வந்தால் என்ன செய்யலாம் என்று இன்றுவரை எனக்கு நல்ல பதில் கிடைக்கவில்லை. கட்டினால், கட்டினேன் என்று எழுதிவிடுங்கள். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

மழையில் எல்லோரும் பங்களாவுக்கு ஓடினார்கள். போனைத் திரும்ப வாங்க மேனேஜர் மறந்துவிட்டார். அதைச் செல்லம்மாவின் கையில் வைத்தேன்.

"எனக்கு எதுக்கு அண்ணே?"

"ஏழு மணிக்கு அடிக்கும். காத்து எந்தப் பக்கம்னு கேப்பாரு. யாருன்னு கேக்க மாட்டாரு. மேகத்தைப் பாத்துச் சொல்லு. மேல போற மேகத்தை."

"பொம்பளக் குரல்ல சொன்னா?"

"அவர் என் குரலையும் கேட்டதில்ல. திசையத்தான் கேப்பாரு."

அவள் போனை முந்தானையில் துடைத்து, இடுப்பில் செருகிக்கொண்டு, கதவை ஒரு தடவை தள்ளிப் பார்த்தாள். பெரிய மகள் உள்ளே பாதி கட்டிய பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பல மாதம் கழித்து விசாரித்தேன். அதற்குப் பிறகு களம் நனையவே இல்லை. போனைக் கேட்டால், ஆளை அனுப்பும்போது வாங்க மறந்ததை முதலாளியிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்று மேனேஜர் கேட்கவே இல்லை. அந்த வருஷம் முடியும்போது முதலாளி அவரிடம், "காத்து சொல்ற ஆளுக்கு லயத்துல ஒரு நல்ல வீடா கொடுங்க, நல்லாச் சொல்றாப்ல" என்றாராம். மேனேஜர், "ஏற்கனவே வீட்லதாங்க இருக்காப்ல" என்றாராம்.

நான் ஐந்தாவது வளைவுக்கு வந்தபோது, பூண்டு இறக்கிவிட்டு வெறும் வண்டியாகப் பூம்பாறைக்குத் திரும்பும் லாரி ஒன்று நின்றது. டிரைவர் என் சாக்கைப் பார்த்து, "அண்ணே, எங்க இருந்து வாரீக?" என்றார். ஏறி உட்கார்ந்து சொன்னேன். சேவல் வரைக்கும் சொன்னேன். அவர் கியர் மாற்ற மறந்து சிரித்தார். பிறகு, கொடைக்கானலில் மலைக்காற்றை அளக்க வந்திருக்கும் குழு ஒன்று ஆள் தேடுகிறது, முகட்டில் தனியாகத் தங்க யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்தக் குழு வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் கேட்டில் நின்றேன். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பை காலி. கையை எடுத்துக்கொண்டேன்.

கண்ணாடி போட்ட ஒரு அம்மா ஸ்வெட்டரோடு வெளியே வந்தார். "முன் அனுபவம் இருக்கா?"

"ஒரு மாசம் காத்து எழுதியிருக்கேன் மேடம்."

"ஏன் விட்டுட்டீங்க?"

"காத்துக்காட்டியக் கட்டிப் போட்டேன். அனுப்பிட்டாங்க."

குறித்துக்கொண்டிருந்த அவருடைய பேனா நின்றது. "எந்தப் பக்கம் பாத்துக் கட்டுனீங்க?"

"வடகெழக்கு."

"அன்னைக்குக் காத்து?"

"கீழ தென்மேக்கு, மேல வடகெழக்கு. ரெண்டையும் எழுதித்தான் வச்சேன். கட்டத்துல அடங்கல."

அவர் உள்ளே போய் ஒரு படிவம் கொண்டுவந்தார். ஒரு நாளைக்கு எட்டுக் கட்டம், மூன்று மணி நேரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் கீழே அடிக்கும் காற்றுக்கு ஒரு இடம், மேகம் போகும் திசைக்கு ஒரு இடம். நான் எட்டையும் விரல் வைத்து எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

எட்டரை மணிக் கட்டம் காலியாக இருந்தது. முகட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கம்பத்தில் ஏறி, எங்காவது கம்பி கட்டியிருக்கிறதா என்று முதலில் தடவிப் பார்த்தேன்.